பலகைக்குக் கீழே ஒரு பெயர்

சுவிற்சர்லாந்தில் வந்திறங்கிய மறுநாள் காலையே நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன். திங்கட்கிழமை உடுப்புத் தோய்த்தேன்.

ஆரா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தம்பி குடியிருக்கும் கட்டடத்தில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு நிலத்தடியில் ஒரே ஒரு சலவை அறை. அதன் கதவில் ஓர் அட்டவணை தொங்குகிறது. திங்கட்கிழமை மூன்றாம் மாடி அம்மாவின் நாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இயந்திரம் சும்மா கிடந்தது, போட்டேன். பத்து நிமிடத்தில் அந்த அம்மா இறங்கி வந்தார். கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. அட்டவணையில் தன் பெயரை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு அங்கேயே நின்றார். என் சேலை சுற்றி முடியும்வரை முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார்.

"என்னைக் கேட்டிருக்கலாம்தானே அக்கா," என்றான் தம்பி. அவன் பெயர் குகன். முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறான். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. "இஞ்சை ஆரும் சண்டைக்கு வராயினம். எழுதிப்போடுவினம்."

நான் யாழ்ப்பாணம் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள். சுற்றறிக்கையோடு சாப்பிட்டு, சுற்றறிக்கையோடு படுத்தவள். ஆனாலும் ஒரு துண்டுக் கடதாசிக்கு இப்படியொரு மரியாதையை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. எங்கள் ஊரில் அதற்குத் துவக்கு வேண்டியிருந்தது.

சலவை அறைக்குப் பக்கத்தில் பங்கர். ஆம், எங்களுடைய அதே பங்கர்தான். போரே காணாத நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒன்று தோண்டி, ஒரு சாண் தடிப்பில் சீமெந்துக் கதவும் போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் பனங்குற்றியும் மண் மூட்டையும் அடுக்கி, உள்ளே பாம்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து இறங்கியதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அதற்குள் ஆளுக்கு ஒரு கூடு, சாமான் வைக்க. மச்சாள், தம்பியின் மனைவி, தங்களுடைய கூட்டைத் திறந்து காட்டினாள். அரிசி முழுவதும் பிளாஸ்ரிக் வாளிகளில் இருந்தது.

"மூட்டையாய்த்தான் வாங்கிறது," என்றாள். "கடை வாசலிலையே வாளியிலை கொட்டிப்போட்டுச் சாக்கை எறிஞ்சிட்டுத்தான் வருவார். வீட்டுக்குள்ளை ஒரு சாக்கு வரப்படாது. அது என்ன விசரோ தெரியாது."

எனக்குத் தெரியும். வாளியின் மூடியைச் சரியாக இறுக்கி வைத்துவிட்டு மேலே வந்தேன்.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை மாதத்தில் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. ஒண்டு கேக்கோணும். ஃபோனிலை ஏலாது." அவன் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தான். அதை இங்கே ஊர்ச் சபை ஆட்கள் முன்னால் இருத்தி விசாரிப்பார்கள். முதல் விசாரணையில் தள்ளிவைத்துவிட்டார்கள். இரண்டாவது, நான் வந்த கிழமை வியாழக்கிழமை.

ஏன் தள்ளிவைத்தார்கள் என்பதை அவன் மகள் தாரணிதான் எனக்குச் சொன்னாள். இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். செவ்வாய்க்கிழமை சூரிச்சுக்குப் போகும் ரயிலில், வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாத யன்னலோரம் இருந்து சொன்னாள்.

"அப்பாவுக்கு டொச் பாஷை நல்லா வரும் மாமி. எல்லாக் கேள்விக்கும் மறுமொழி சொன்னவர். ஆனா அவை கதைக்கேக்கை இவர் தலையை ஆட்டிறேல்லை. ஒருக்காக்கூட. கல் மாதிரி இருந்து பாக்கிறார். அவைக்கு அது ஒரு மாதிரி இருந்திருக்கு. உரையாடலிலை ஈடுபாடு இல்லையெண்டு எழுதியிருக்கினம்."

"ம்."

"நான் சின்னனிலை படிக்கேக்கை என்ரை ரீச்சரும் கேட்டவ, உன்ரை அப்பாவுக்கு என்னிலை கோவமோ எண்டு. கழுத்திலை ஏதும் அடிபட்டதோ மாமி?"

"தண்ணி இருக்கோ பிள்ளை, தொண்டை காயுது," என்றேன்.

எங்கள் போரை அறியாதவர்களுக்கு ஒரு சொல்லை விளக்கவேண்டும். தலையாட்டி. சுற்றிவளைப்பு என்றால் ஊர் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைப்பார்கள். வரிசையாக நடக்கச் சொல்வார்கள். முன்னால் ஒரு கதிரையில், தலையிலிருந்து முழங்கால்வரை சாக்கால் மூடிய உருவம் ஒன்று இருக்கும். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அது தலையை ஆட்டினால் உங்களைக் கொண்டுபோவார்கள். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். துவக்கு யாருடைய கையில் இருந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் அது பல கை மாறியது.

ஒரு புரட்டாதி மாதக் காலையில் அந்தச் சாக்குக்கு முன்னால் நான் நடந்தேன். கீழே இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. வலது காலில் இரண்டாம் விரல் பெருவிரல்மேல் ஏறியிருந்தது. பத்து நாளுக்கு முன் பிடித்துக்கொண்டு போகப்பட்ட என் தம்பியின் கால். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. சாக்கு எனக்கு அசையவில்லை. எனக்குப் பின்னால் வந்த, நீலச் சாரம் கட்டிய மனிதருக்கு அசைந்தது. அவர் திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். விரைவிலேயே அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டோம். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை. நீலச் சாரக்காரர் அந்த வருடம்தான் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தவர், தம்பிக்கு அவரைத் தெரியாது. எனக்கு அவர் பெயர் தெரியும், அவருடைய மனைவியையும் தெரியும். தம்பி என்னிடம் கேட்கப்போவது அந்தப் பெயரைத்தான். விமானத்தில் ஏறும்போதே அது எனக்கு விளங்கியிருந்தது. சொல்வதா, விடுவதா என்பதை மட்டும் முடிவுசெய்யாமல் வந்திருந்தேன்.

சூரிச்சில் முதலில் ஓர்லிகோன் பகுதியிலுள்ள தமிழ்க் கடைக்குப் போய் முருங்கைக்காயும் வல்லாரையும் வாங்கினோம். எங்கள் ஊர் நெல்லியடிச் சந்தையில் கேட்டிராத விலை, ஆனாலும் வல்லாரையைக் கண்டதும் எனக்கு ஊரில் இருப்பதுபோல் தெம்பு வந்தது. பையோடு ஆற்றங்கரைக்குப் போனோம். லிமாற் ஆறு. கரும்பச்சைத் தண்ணீர், சத்தமே இல்லாமல் வேகமாக ஓடுகிறது. அந்த வேகத்துக்கு ஒரு சத்தம் இருக்கவேண்டும், இல்லை. கரையில் ஒரு கல்வெட்டு.

"இதிலைதான் மாமி, ஆக்களைத் தண்ணிக்குள்ளை அமத்திச் சாக்காட்டினவை," என்றாள் தாரணி.

ஐந்நூறு வருடத்துக்கு முந்திய கதை. இந்த நகரம் பழைய திருச்சபையை விட்டுவிட்டுப் புதிய வழிக்கு வந்த காலம். அப்போது சிலர், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியில்லை, அறிவு வந்தபின் தானாக விரும்பித்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். டொய்ஃபர் என்று அவர்களுக்குப் பெயர். மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவனுக்குத் தண்ணீரிலேயே சாவு என்று நகரசபை தீர்ப்பளித்தது. கையைக் காலைக் கட்டி இந்த ஆற்றில் இறக்கினார்கள்.

"ஒரு குழந்தையின்ரை தலையிலை தண்ணி ஊத்திறதுக்கு இவ்வளவு பிடிவாதமோ?" என்று கேட்டேன்.

"ஞானஸ்நானப் பேர்ப்பதிவுதான் மாமி ஊர் ஆக்களின்ரை இடாப்பும். அதிலை பேர் இல்லாட்டி ஆளை ஆளேலாது."

கச்சேரிக்காரிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொன்னாள். ஆண்கள் எல்லோரும் மூன்று விரல் உயர்த்தி, ஆளும் பிரபுக்களுக்குக் கீழ்ப்படிவோம் என்று சத்தியம் செய்யவேண்டும். அரச கட்டளையை வாசிப்பதும் கோயில் பிரசங்க மேடையிலிருந்துதான். வராதவன் யார், விரல் தூக்காதவன் யார் என்று பார்த்துச் சொல்ல ஊருக்கு ஊர் ஆள். டொய்ஃபர் விரல் தூக்க மறுத்தார்கள். ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை, அதற்குமேல் ஒரு சத்தியமும் வேண்டாம் என்பது அவர்களுடைய கொள்கை. சாமியும் சர்க்காரும் ஒரே கதிரையில் இருந்தால் மனிதன் நிற்க இடம் ஏது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பக்கத்து மரவாங்கில் இருந்தபடி இரண்டு பெண்கள் பாண் சாப்பிட்டபடி கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று தாரணியிடம் கேட்டேன். வெளிநாட்டில் எனக்குள்ள ஒரே பொழுதுபோக்கு அது. அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஆரையோ வேலையாலை நிப்பாட்டின கடிதமாம். முடிவெடுத்தது மேலிடமாம். தான் கையெழுத்து மட்டும்தானாம் போட்டது." அதைச் சொன்ன பெண் பாணின் மிச்சத்தை அன்னத்துக்குப் போட்டார். அன்னம் தின்றது.

புதன்கிழமை தம்பி லீவு எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தான். எம்மன்டால் என்ற மலைப்பக்கம். டொய்ஃபர் பின்னர் நூறு, இருநூறு வருடமாக ஒளிந்திருந்த இடம். தாரணியின் ஆய்வே அதைப் பற்றித்தான். நடுவழியில் ஒரு நிலையத்தில் ரயில் இரண்டாகக் கழன்று வேறு வேறு திசைக்குப் போகுமாம், முன்பாதியில் இருந்திருக்கவேண்டிய நாங்கள் பின்பாதியில் இருந்து புட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நான்கு மாடும் ஒரு கொடிக்கம்பமும் உள்ள ஓர் ஊரில் இறங்கி ஒரு மணித்தியாலம் குளிரில் நின்றோம். அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒருவர் எங்களைக் கடந்து போனார். "குறூட்ஸி" என்று வணக்கம் சொல்லி, நாங்கள் பதில் சொல்லும்வரை நின்றுவிட்டுத்தான் போனார்.

மலையில் பனி முழங்கால்வரை. மூடுபனி வீட்டுக் கூரைக்கு மேலே நின்றது. தாரணிக்குப் பழக்கமான ஒரு பழைய மரவீடு, வீட்டுக்காரி றோஸ்மரி, அறுபது வயதிருக்கும். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். மேசையில் தேங்காய்ப்பூக் குவியல்போல வெள்ளையாக ஏதோ வைத்தார். முட்டை வெள்ளைக்கருவில் சீனி அடித்துச் சுட்டது, அதன்மேல் கடைந்த பாலேடு. வாயில் வைத்ததும் காணாமல் போய்விட்டது. இனிப்பு மட்டும் மிஞ்சி நின்றது.

றோஸ்மரி சொல்ல, தாரணி தமிழாக்கினாள். பேர்ண் நகரத்துப் பிரபுக்கள் இந்த மலைக்கு வேட்டைக்காரரை அனுப்பினார்கள், டொய்ஃபர் பிடிக்க. வேட்டைக்காரர் பள்ளத்தாக்கில் கால்வைத்தால், முதல் தோட்டக்காரர் கொம்பு ஊதுவார். அது கேட்டு அடுத்த சரிவில் இன்னொருவர். ஒளியவேண்டியவர் ஒளிந்துவிடுவார். பிரபுக்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, காட்டிக்கொடுக்காத ஊர்களிலிருந்து ஆட்களைப் பிணையாகக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்கள்.

அதுவரை வாயே திறக்காத தம்பி, டொச்சில் ஏதோ கேட்டான். றோஸ்மரி யன்னல் பக்கம் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

"அப்ப ஆர் காட்டிக்குடுத்தது எண்டு கேட்டவர்," என்றாள் தாரணி. "எந்தெந்தத் தோட்டம் எண்டு எல்லாருக்கும் தெரியுமாம். இப்பவும் ஒரே கோயிலுக்குத்தான் போகினமாம். ஒருத்தரும் சொல்லுறேல்லையாம்."

ஒளியும் இடத்தைக் காட்டினார்கள். வைக்கோல் அறையில் தரைப்பலகை ஒன்றை அழுத்தினால் மறுமுனை எழும்பும், உள்ளே சரிந்து விழலாம், பலகை தானாக மூடிவிடும். ஓர் ஆள் படுக்கும் அளவு குழி. இறங்கிப் பார்க்கலாம் என்றார் றோஸ்மரி. தம்பி இரண்டடி பின்னால் போனான். அறுபத்து மூன்று வயதில் முட்டுவலியோடு நான் இறங்கினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வீம்பு பிடித்தவள் என்று ஊரில் எனக்குப் பெயர்.

பலகை மூடியது. பழைய மரவாசனையும் மண்குளிரும். மார்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண். மேலே தாரணியும் றோஸ்மரியும் எதையோ எடுக்க வெளியே போகும் காலடி கேட்டது. ஒரு விரல் அகல நீக்கல் வழியாகத் தம்பியின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. காலுறைக்குள்ளும் அந்த விரலின் மேடு தெரிந்தது.

அப்போது சைரன் ஊதியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முதலில் பள்ளத்தாக்கில், பிறகு அடுத்த மலையில், அதற்கடுத்த மலையில். என் உடம்பு என்னைக் கேட்காமலே சுருண்டது. நெற்றி பலகையில் அடித்தது.

"பயப்பிடாதேங்கோ அக்கா," என்றன அந்தக் கால்கள். "ஒத்திகை. வருசத்திலை ஒருக்கா, மாசியிலை, நாடு முழுக்க ஊதிப் பாக்கிறவை."

சைரன் அடங்கியது. அவன் பலகையைத் தூக்கவில்லை.

"அக்கா."

"சொல்லு."

"அண்டைக்கு நீங்கள் என்னைக் கண்டுபிடிச்சிட்டியள்."

"ஓம். காலைப் பாத்து."

கால்கள் சற்று அசைந்தன. "ஒருத்தருக்கும் ஆட்டுறேல்லை எண்டுதான் இருந்தனான். நீங்கள் வரேக்கை பக்கத்திலை நிண்டவன் துவக்காலை இடிச்சவன். உங்களைத் தாண்ட விடவேணும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனான். நீங்கள் தாண்டினியள். திருப்பி இடிச்சான். தலை ஆடிப்போச்சுது. ஆர் வாறது எண்டுகூட நான் பாக்கேல்லை. நீலச் சாரம் மட்டும்தான் தெரிஞ்சது."

எனக்காகப் பிடித்து வைத்த தலை அது என்பதை இத்தனை வருடத்தில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"நாளைக்கு அவங்கள் ஒரு கடதாசி தருவாங்கள். ஒழுங்கான ஆள் எண்டு கையெழுத்து வைக்கோணும். அந்தாளின்ரை பேரே தெரியாமல் எப்பிடியக்கா வைக்கிறது? உங்களுக்குத் தெரியுமோ?"

முகத்துக்கு முகம் கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். குழிக்குள் அது சரிவராது. இருட்டில் தலையாட்டினால் யாருக்கும் தெரியாது, வாயால் சொல்லவேண்டும்.

"தவராசா," என்றேன்.

அவன் அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு, "மனிசி?"

"தேவகி. இருக்கிறா. மூண்டாம் ஒழுங்கையிலை, மகளோடை."

"அது நான்தான் எண்டு அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது." என் குரல் அந்தப் பெட்டிக்குள் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "நீ கொழும்புக்குப் போன கிழமை என்னட்டை வந்தவ. வரிசையிலை அவருக்கு முன்னுக்கு நிண்டது நீங்கள்தானே, சாக்குக்குள்ளை ஆர் எண்டு தெரிஞ்சதோ எண்டு கேட்டவ. தெரியாதெண்டு தலையாட்டினனான்."

இரண்டாம் தடவை சைரன் ஊதியது. அது முழுவதும் அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"அப்ப நீங்களும்," என்றான்.

பிறகு குனிந்து பலகையைத் தூக்கினான். அவன் கையைப் பிடித்துத்தான் நான் எழும்பினேன். திரும்பும் ரயிலில் நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். மாமிக்குக் குளிர் பிடித்துவிட்டது என்று தாரணி நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பின்னேரம் விசாரணை. தாரணியும் நானும் சபைக் கட்டடத்தின் நடையில் இருந்தோம். சுவரில் இன்னுமொரு அட்டவணை, எந்த நாளில் எந்தக் குப்பை போடலாம் என்று. ஒரு மணித்தியாலம் கழித்துத் தம்பி வெளியே வந்தான்.

"சட்டத்துக்கும் அதிகாரியளுக்கும் கீழ்ப்படிவீங்களோ எண்டு கேட்டவை," என்றான். "சட்டத்துக்கு ஓம் எண்டனான். அதிகாரியெண்டால், என்ன சொல்லுறார் எண்டு முதல் கேக்கோணும் எண்டனான்."

தாரணி நெற்றியில் கையை வைத்தாள். "அப்பா, அது சரியான மறுமொழி இல்லை."

"ஒரு அம்மா சிரிச்சவ. மற்றவர் எழுதினவர்."

"தலையை ஆட்டினீங்களோ?"

"இல்லை. ஏன் ஆட்டிறேல்லை எண்டு சொன்னனான். எல்லாத்தையும் சொன்னனான். கடதாசியிலை நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. ஒரு கிழமை தவணை கேட்டிருக்கிறன்."

எதை எல்லாம் என்று தாரணி கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்கும் மச்சாளுக்கும் அவனே சொன்னான். நான் வெளியே இருந்தேன். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது, யாருடையது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊரில் பிற்பகல் இரண்டரை, தேவகி சாப்பிட்டு முடித்திருக்கும் நேரம் பார்த்து, என் தொலைபேசியை மேசையில் வைத்து அழைத்தேன். தம்பி எதிரே இருந்தான். இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்திருந்தான். ஐந்தாறு தடவை மணி அடித்தபின் எடுத்தார்.

"ஆர் கதைக்கிறது?"

"பவானி. பக்கத்திலை தம்பி குகனும் இருக்கிறான். தேவகி, அண்டைக்குச் சாக்குக்குள்ளை இருந்தது இவன்தான். எனக்கு அப்பவே தெரியும்."

மறுமுனையில் சீமெந்துத் தரையில் ஒரு கதிரையை இழுக்கும் ஓசை கேட்டது. அவர் அதில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

"சொல்லுங்கோ," என்றார்.